அப்புறம் என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்கள் டெல்லி வீட்டு ஹாலில் காலம் பின்னோக்கி ஓடுகிறது. கும்பகோணத்திலிருந்து இங்கே எம்.ஏ. படிக்க வந்திருக்கும் என் தம்பி மகள், ஹாஸ்டல் சாப்பாட்டிலிருந்து தப்பிக்க வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிடுவாள். ரசமும் உருளைக்கிழங்கு கறியும் முடிந்ததும் ரிமோட் அவள் கைக்குப் போய்விடும். "இன்னைக்கு உங்க காலத்துக்குப் போகலாம் பெரியப்பா" என்பாள்.

என் காலம் என்று அவள் சொல்வது 1984, 1991, 1992, 1997, 1999. எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அது ஏற்கெனவே முடிந்து, செட் போட்டு, பின்னணி இசை சேர்த்து, ஆறு எபிசோடு, பத்து எபிசோடு என்று ஒளிபரப்புக்கு வந்துவிட்டது.

பார்க்கும்போது அவளிடமிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். நடுவில் நிறுத்தி, "இது நிஜமா பெரியப்பா?" என்பாள். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்பாள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தத் தொடர்கள் படாத பாடு படுகின்றன. இரண்டாவது கேள்வி அவர்கள் காதில் விழுவதே இல்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் முக்கியமான கேள்வி என்று தோன்றுகிறது.

கடந்த ஐந்தாறு வருடங்களில் வந்தவற்றை எண்ணிப்பாருங்கள். ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழலைச் சொன்ன 'ஸ்கேம் 1992' 2020-ல் வந்தது. ஹோமி பாபாவையும் விக்ரம் சாராபாயையும் பற்றிய 'ராக்கெட் பாய்ஸ்' 2022-ல். உபஹார் தியேட்டர் தீ விபத்தைச் சொன்ன 'டிரையல் பை ஃபயர்', ஐம்பதுகளின் பம்பாய் சினிமா உலகைக் காட்டிய 'ஜூபிலி', போபால் விஷவாயு இரவைச் சொன்ன 'தி ரயில்வே மென்' மூன்றும் 2023-ல். காந்தஹார் விமானக் கடத்தலும், சுதந்திரம் வந்த நாட்களைப் பற்றிய 'ஃப்ரீடம் அட் மிட்நைட்'டும் 2024-ல். எண்பதுகளின் திஹார் சிறையும், ராஜீவ் காந்தி கொலையாளிகளைத் தேடிய கதையும் 2025-ல். வரலாற்றுப் பாடத்தில் தூங்கிய தலைமுறை விடிய விடியக் கண்விழித்து இவற்றைப் பார்க்கிறது.

பொருட்களைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத், பிரீமியர் பத்மினி கார், சுழற்றும் டெலிபோன், டி.வி.யின் மேல் விரித்த குரோஷா துணி, அலுவலக மேஜையில் கண்ணாடிக்கு அடியில் செருகிய சாமி படம். எங்கள் வீட்டுப் பரணில் இருந்து எடுத்துப் போனார்களோ என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சரியாக இருக்கின்றன. தம்பி மகள் டெலிபோனைப் பார்த்துச் சிரிப்பாள். நான் அந்தக் கண்ணாடியையும் சாமி படத்தையும் பார்த்து ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன்.

கடந்த காலத்தை டி.வி.யில் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் 'தமஸ்' வந்தபோது நான் கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். பீஷ்ம சாஹ்னியின் நாவலை கோவிந்த் நிஹலானி எடுத்திருந்தார். பன்றியைக் கொல்லச் சொல்லிக் காசு கொடுக்கப்படும் ஏழைத் தொழிலாளியாக ஓம் பூரி. அந்தப் பன்றியிலிருந்து ஊர் பற்றி எரிகிறது. ஒளிபரப்பக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, போடலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

வீட்டுக்காரரின் தாயார் ராவல்பிண்டிக்காரர். 1947-ல் இரண்டு குழந்தைகளோடு ரயிலேறி வந்தவர். கீழே அவர்கள் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். என் இந்தி அப்போது அரைகுறை. அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே திருத்துவார். தெரு இவ்வளவு அகலம் இல்லை, கிணறு இந்தப் பக்கம் இல்லை, பெண்கள் துப்பட்டாவை இப்படிப் போடமாட்டார்கள். ஒரு கட்டத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்தபோது கலவரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டெல்லிக்கு வந்த பிறகு, விட்டுவிட்டு வந்த வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டு வருடக்கணக்கில் வரிசையில் நின்றதைச் சொன்னார். எந்த ஆபீசில் எந்த ஜன்னல், எந்த குமாஸ்தா நல்லவன், எந்த காகிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். நாற்பது வருடம் கழித்து அவர் மனதில் நின்றது கலவரம் நடந்த நாட்கள் அல்ல, அதற்கு அப்புறம் வந்த வருடங்கள். அதை யாரும் தொடராக எடுக்கவில்லை.

அன்றைய தூர்தர்ஷனுக்குக் கடந்த காலம் என்றால் நம் தாத்தா பாட்டிகளின் காலம். 'புனியாத்' பிரிவினையைச் சொன்னது. ஷியாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' நேருவின் புத்தகத்தை 53 பகுதிகளில் சொன்னது. இப்போது வருபவை நாமே பார்த்த காலம். செய்தித்தாளில் நாமே படித்தவை. சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வழக்குகள் முடிந்தும் முடியாமலும் இருக்கின்றன. பொறுப்பு அதனால் கூடத்தான் செய்கிறது.

முதல் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இது நிஜமா? ஒவ்வொரு தொடரின் தொடக்கத்திலும் ஒரு அறிவிப்பு வருகிறது. உண்மைச் சம்பவங்களின் உந்துதலில் உருவான கற்பனை என்று. வக்கீல் எழுதிக்கொடுத்த இந்த வாசகம் வரும்போது பார்ப்பவர்கள் பாப்கார்ன் எடுக்கப் போயிருப்பார்கள். 'ராக்கெட் பாய்ஸ்' தொடரில் பாபாவுக்கு எதிராக, பொறாமையும் கசப்புமாக ஒரு விஞ்ஞானி வருகிறார். ரஸா மெஹ்தி என்று பெயர். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அணுசக்தித் திட்டத்தின் விஷயத்தில் பாபாவோடு உண்மையில் முரண்பட்டவர் மேகநாத் சாஹா. டாக்காவுக்கு அருகே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன், ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து, உலகம் மதித்த இயற்பியல் அறிஞராகி, 1952-ல் மக்களவைக்கும் வென்று போனவர். அந்த நிஜ மனிதரும் அவரது நிஜ வாதமும் காணாமல் போய், அவர் இடத்தில் ஒரு கற்பனை வில்லன் வந்து உட்கார்ந்துகொண்டார். "சாஹான்னு ஒருத்தர் இருந்தாரா? எங்க காலேஜ்ல யாரும் சொல்லலையே" என்றாள் தம்பி மகள். தும்பாவில் 1963 நவம்பர் 21-ம் தேதி ராக்கெட் மேலே போகும் காட்சியில் என் கண்ணும் கலங்கியது. அது வேறு விஷயம்.

காந்தஹார் தொடரில் வேடிக்கை நேர்மாறாக நடந்தது. கடத்தல்காரர்கள் விமானத்தில் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர். உள்துறை அமைச்சகமே 2000 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. தொடரில் அவற்றை அப்படியே வைத்தார்கள். தீவிரவாதிகளுக்கு இந்துப் பெயர் வைத்துவிட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் பெரிய ரகளை. கடைசியில் அவர்களுடைய நிஜப் பெயர்களையும் தொடக்க அறிவிப்பில் சேர்த்தார்கள். கற்பனை விஞ்ஞானிக்கு எழுந்த முணுமுணுப்பு சில கட்டுரைகளோடு அடங்கிப்போனது. உண்மைப் பெயர்களுக்கு எழுந்த சத்தம் டெல்லி வரை கேட்டது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

'ஸ்கேம் 1992' நல்ல தொடர்தான். 'ரெடி ஃபார்வர்ட்' என்றால் என்ன, பி.ஆர். என்று சொல்லப்பட்ட வங்கி ரசீது என்றால் என்ன என்பதை 1992-ல் எத்தனை பேர் நமக்குப் புரியும்படி எழுதினார்கள்? ஒரு வங்கி தன்னிடமுள்ள அரசுப் பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்று, சில நாட்களில் திரும்ப வாங்கிக்கொள்ளும். கைக்குக் கை பத்திரம் மாறாது, ரசீது மட்டும்தான். ரசீதுக்குப் பின்னால் பத்திரமே இல்லாவிட்டால்? அந்த ஓட்டை வழியாக வங்கிப் பணம் பங்குச் சந்தைக்குப் போனது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் கமிட்டி போட்ட கணக்கு 4,000 கோடி ரூபாய்க்கு மேல். இதையெல்லாம் தொடர் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பிரதிக் காந்தியின் நடிப்பும் அந்த இசையும் சேர்ந்து, பத்தாவது எபிசோடில் நம்மை ஹர்ஷத் மேத்தாவுக்காக வருத்தப்பட வைத்துவிடுகின்றன. "பாவம் பெரியப்பா" என்றாள் இவள்.

எனக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. அப்போது எங்கள் அடுத்த வீட்டில் இருந்த தமிழர், மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பெண்ணின் கல்யாணத்துக்கென்று பி.எஃப்.-ல் அட்வான்ஸ் வாங்கி, நாலு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று நம்பி, 1992 ஏப்ரலில் பங்கு வாங்கினார். ஏப்ரல் 22-ல் சென்செக்ஸ் 4,467. மறுநாள் சுசேதா தலாலின் செய்தி வெளிவந்தது. ஒரு வருடத்தில் சென்செக்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே ஆறு மாதம் ஆயிற்று. கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது, பீரோவின் உள்லாக்கரில் இருந்த பங்குப் பத்திரங்களைப் பழைய பேப்பரோடு போடவா வேண்டாமா என்று அந்த அம்மாள் எங்கள் வீட்டில் வந்து கேட்டார்.

ஹர்ஷத் மேத்தாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது தொடரில் இருக்கிறது. 2001 டிசம்பர் 31, தாணே, சிறைக் காவலில் மரணம். என் அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்பது எந்தத் தொடரிலும் வராது. அவர் கார் வாங்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. வசனம் எழுத அவரிடம் ஒன்றும் இல்லை.

'தி ரயில்வே மென்' நான்கே எபிசோடு. 1984 டிசம்பர் 2 இரவு போபால் ரயில் நிலையம். கே.கே.மேனன், நம் மாதவன் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த இரவில் ரயில்வே ஊழியர்கள் நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்தார்கள். துணை நிலைய சூப்பிரண்டாக இருந்த குலாம் தஸ்தகீர், புறப்படும் நேரம் வருமுன்பே ஒரு ரயிலைப் பயணிகளோடு அனுப்பிவைத்தவர். தொடரில் அவர் வேறு பெயரில் வருகிறார். அவரைப் போன்றவர்களை நாடு நாற்பது வருடம் கழித்தாவது தெரிந்துகொண்டது நல்லதே. தம்பி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வழக்கமான கேள்வி.

பதில் சொல்ல ஆரம்பித்தேன். நஷ்டஈடாக 47 கோடி டாலருக்கு ஒப்பந்தம், 1989-ல். குற்றவாளிகள் என்று ஏழு இந்திய அதிகாரிகளுக்கு தீர்ப்பு, 2010-ல், இரண்டு வருடத் தண்டனை, உடனே ஜாமீன். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றத்தில் நிற்காமலே 2014-ல் அமெரிக்காவில் காலமானார். தொழிற்சாலைக்குள் கிடந்த நச்சுக் கழிவு? அது அங்கேயே கிடந்தது. 2025 ஜனவரியில்தான் 337 டன்னை லாரிகளில் ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எரிக்கக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் போராடினார்கள்.

"அப்ப தொடர் வந்தப்போ அந்தக் கழிவு அங்கேயேதான் இருந்துச்சா?" என்றாள்.

ஆமாம். நாம் சோபாவில் உட்கார்ந்து அந்த ஓர் இரவைப் பார்த்து, கண்ணீர் விட்டு, நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று பெருமூச்சு விட்டபோது, கழிவு அதே இடத்தில்தான் இருந்தது. தொடர் பொய் சொல்லவில்லை. விடிந்ததும் கேமராவை மூடிவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர் தொடரை நாகேஷ் குக்குனூர் எடுத்திருக்கிறார். அனிருத்ய மித்ராவின் புத்தகத்தை வைத்து ஏழு எபிசோடு. மற்றதையெல்லாம் இவளோடு பார்த்த நான், இதை மட்டும் முதலில் தனியாகப் பார்த்தேன். 1991 மே 22 காலையில் வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. "இரண்டு நாள் வெளியே போகாதே மகனே, பால் நான் வாங்கித் தருகிறேன்" என்றார். 1984-ல் டெல்லியில் ஒரு பிரதமர் கொலைக்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. ஆனால், அடுத்த சில மாதங்களுக்கு, பஸ்ஸில் தமிழில் பேசும்போது எங்கள் குரல் தானாகத் தாழ்ந்தது.

தொடர் விறுவிறுப்பாகப் போகிறது. சம்பவ இடத்தில் இறந்துபோன புகைப்படக்காரரின் கேமரா கிடைக்கிறது, உள்ளே பத்துப் படங்கள். அதிலிருந்து நூல் பிடித்து, ஆகஸ்ட் 20 அதிகாலையில் பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசன் கதை முடிகிறது. வேட்டையும் முடிகிறது.

தமிழர்களுக்கு இந்த விஷயம் அங்கே முடியவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்கு. 1999-ல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது, நாலு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. பிறகு கருணை மனு, ஆயுள் தண்டனை, ஆளுநர் மாளிகை, மீண்டும் நீதிமன்றம். 19 வயதில் கைதான பேரறிவாளன் 2022 மே மாதம் வெளியே வந்தார். மீதி ஆறு பேர் அதே வருடம் நவம்பரில். 31 வருடம். மகனுக்காக நடையாய் நடந்த அற்புதம்மாளும் காத்திருந்தார். அன்றிரவு ராஜீவோடு செத்துப்போன காவலர்களின், கட்சிக்காரர்களின் வீட்டாரும் காத்திருந்தார்கள், வேறு ஒரு நியாயத்துக்காக. இந்த இரண்டு காத்திருப்புகளையும் ஒரே கதையில் வைக்கும் தைரியம் உள்ளவர் எடுத்தால், அதுதான் நம் தொடர். 90 நாள் வேட்டையை எடுப்பது சுலபம். 31 வருடத்தை எப்படி எடுப்பது?

எடுக்கலாம் என்று காட்டியது 'டிரையல் பை ஃபயர்'.

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. 'பார்டர்' படம் அன்றுதான் வெளியானது. கிரீன் பார்க் உபஹார் தியேட்டரில் பகல் காட்சி. கீழ்த்தளத்தில் இருந்த மின்சார டிரான்ஸ்ஃபார்மரில் தீ. புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதல் நாற்காலி போட்டு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அப்போது நான் ஆர்.கே.புரத்துக்கு மாறியிருந்தேன். அந்தத் தியேட்டரைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகும். சில வாரம் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தோம். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டோம். நான் உட்பட.

நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி தம்பதி பார்ப்பதை விடவில்லை. அவர்களுடைய பெண்ணும் பையனும் படம் பார்க்கப் போனவர்கள், 17 வயது, 13 வயது. தொடர் அவர்களுடைய புத்தகத்தை வைத்து எடுக்கப்பட்டது. இதன் ஏழு எபிசோடிலும் நிறைந்திருப்பது நெருப்பல்ல, நீதிமன்ற வராந்தா. வாய்தா. ஃபைல். வராத சாட்சி. ரிப்பேர் பார்த்ததற்காகச் சிக்கிய ஒரு எலக்ட்ரீஷியனின் வீடு. சாப்பாட்டு மேஜையில் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசாமல் சாப்பிடுவது. ராஜ்ஸ்ரீ தேஷ்பாண்டே முகத்தில் வருடங்கள் ஏறுவதை ஒப்பனையை விட அவர் உட்காரும் விதம் சொல்கிறது.

தியேட்டர் உரிமையாளர்களுக்கு 2007-ல் இரண்டு வருடத் தண்டனை. 2015-ல் உச்ச நீதிமன்றம், ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் கட்டினால் மேலும் சிறை வேண்டாம் என்றது. 2017-ல் அவர்களில் ஒருவரை மட்டும் மீதித் தண்டனைக்கு அனுப்பியது. வழக்கு ஆவணங்களைச் சிதைத்ததற்காக 2021-ல் ஏழு வருடத் தண்டனை. அது 2022-ல் ஏற்கெனவே இருந்த நாட்களோடு போதும் என்றாகிவிட்டது. தொடர் வரக் கூடாது என்றும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. 2023 ஜனவரியில் தொடர் வெளிவந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மகள் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. முடிந்த பிறகு "அப்புறம் என்ன ஆச்சு?" என்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. தொடர் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

நாடகத்துக்கு ஒரு முடிவு வேண்டும், நீ கேட்பது ஆவணப்படம் என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். ஓர் இரவு, ஒரு வேட்டை, ஒரு விமானம் என்று எல்லைகட்டிச் சொன்னால்தான் கதை நிற்கும். காந்தஹாரில் பயணிகள் திரும்பி வருவதோடு நம் மூச்சும் திரும்பி வருகிறது. ஆனால், அன்று விடுவிக்கப்பட்ட மூவரில் மசூத் அசார் சில வாரங்களில் ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பைத் தொடங்கினார். உமர் ஷேக்கின் பெயர் 2002-ல் டேனியல் பேர்ல் கடத்தல் வழக்கில் வந்தது. விமானத்தில் குத்திக் கொல்லப்பட்ட ரூபின் கத்யால் தேனிலவு முடிந்து மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்தவர். எந்தச் சம்பவமும் அது நடந்த எட்டு நாட்களுக்குள் முடிந்துவிடுவதில்லை. முடிந்துவிட்டது என்று நம்ப வைப்பதுதான் இந்தத் தொடர்களின் மிகப் பெரிய கற்பனை. எந்த வக்கீலும் அதற்கு அறிவிப்பு எழுதித் தருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய காலம் முடிந்துவிட்டது என்றால் பார்ப்பவர்களுக்கு ஒரு நிம்மதி. அப்போது ஃபோன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ஊழல், அலட்சியம், இப்போது அப்படியில்லை என்று தோன்றும். சுழற்றும் டெலிபோனைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்த அலட்சியத்தையும் அதோடு பரணில் போட்டுவிடுகிறோம். வழியை அடைத்துப் போட்ட நாற்காலி இன்றைக்கும் எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு கோச்சிங் சென்டரில் கிடக்கிறது.

அன்றிரவு டி.வி.யை அணைத்த பிறகு தம்பி மகள் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எங்க ஊர்ல நடந்ததை யாரும் எடுக்கலையே பெரியப்பா" என்றாள்.

2004 ஜூலை 16. கும்பகோணம். சத்துணவுச் சமையல் நெருப்பு கூரைக்குத் தாவி, ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். அப்போது இவளுக்கு மூன்று வயது. இவளை அடுத்த வருடம் எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று என் தம்பியும் தம்பி மனைவியும் பேசிக்கொண்டிருந்த நேரம். அதன்பிறகு தம்பி மனைவி ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் பார்த்தது மேற்கூரையைத்தான். இவள் வளர்ந்த தெருவிலேயே அந்தக் குழந்தைகளில் ஒருத்தியின் வீடு. இவளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருந்திருப்பாள்.

தீர்ப்பு வரப் பத்து வருடமாயிற்று. 2014-ல் பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்குக் கொடுத்த ஆயுள் தண்டனையை 2017-ல் உயர் நீதிமன்றம் குறைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டது அந்தத் தீ விபத்துக்குப் பிறகுதான்.

"எடுத்தா யாரை ஹீரோவா போடுவாங்க?" என்று கேட்டேன்.

"ஹீரோ எதுக்கு?" என்றாள். "அந்தத் தெருவுல இருக்கிற அம்மாவைக் காட்டட்டும். இப்பவும் ஸ்கூல் விடற நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பாங்க."

அவளிடம் எம்.ஏ.வுக்கு ஏதோ ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ராக்கெட்டா, பங்குச் சந்தையா என்று இத்தனை வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.